மாமன் வண்டியில் பச்சை ஓலை

எனக்கு அறுபத்து மூன்று முடிந்துவிட்டது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை. ஐந்தாவது யாருடைய பிள்ளை என்பது இதை எழுதி முடிப்பதற்குள் தெரிந்துவிடும். ஒருவரும் சோடை போகவில்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

ஏழாம் வகுப்பு பாதி வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் ஏன் போகவில்லை என்பதும் இதில் வரும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், கை வலித்தால் அரைப் பக்கம். எங்கே எந்த 'ல' போடுவது என்று பேத்தியைக் கேட்டுக் கேட்டுப் போடுகிறேன். எனக்கு அவசரம் இல்லை.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, நான்கு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு பிரசவங்களைப் பார்த்தேன், சாவுகளைப் பார்த்தேன். அந்த நான்கு மாதப் பயம் மாதிரி எதுவும் இல்லை.

எங்கள் வீடு உத்திரமேரூரில், ஏரிக்கரைக்குப் போகிற தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அம்மாவும் நானும்தான். எங்களுக்கு இருந்த ஒரு துண்டு நிலத்தை உழுது கொடுத்தது என் மாமன், அம்மாவின் தம்பி. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தார். அவர் வீட்டு வாசலில் ஆறு தென்னை உண்டு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அவர் வண்டி எங்கள் தெருவில் திரும்பினாலே யாராவது ஒரு பெண் குரல் கொடுப்பாள்.

"இன்னாடி, ஒனக்கு ஓலை கட்றவரு வந்துட்டாரு. போய் தண்ணி மொண்டு குடு."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பெரியவளானால், தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து வாசலில் குடிசை கட்ட வேண்டும். அதற்குள் அவள் ஒன்பது நாள் இருக்க வேண்டும். அதனால் 'ஓலை வந்துடுச்சி' என்று சொன்னாலே அவள் பெரியவளாகிவிட்டாள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. ஓலை கட்டுகிற கைதான் தாலியும் கட்டும் என்று அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள். மாமனுக்கு அப்போது இருபத்தெட்டு. எனக்காகத்தான் அவர் காத்திருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

அவர் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. ஆனாலும் எனக்கு அவரிடம் பயம். எனக்கு எட்டு வயதில், நான் அவர் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு காளைக்கன்றுக்கு மூக்குக் குத்தினார். கன்றின் தலையை ஒரு கையால் தன் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். இன்னொரு கையில் ஊசி. அது கத்தவில்லை, கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தது. கயிற்றை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்தார். பிறகு அதே கையால் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புதான். இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது நான் மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன்.

பக்கத்து வீடு பட்டு நெய்கிற குடும்பம். அந்த வீட்டு மருமகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ராஜகுளத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். பத்தாவது பாஸ் என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். அவள் மாமியாருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. "எம் மருமவ பட்ச்சவ" என்று தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மதியம் தறி நிற்கிற ஒரு மணி நேரம் மாமியாருடன் நாலைந்து பெண்கள் அந்த வீட்டில் உட்காருவார்கள். லீவு நாட்களில் நானும் போய் ஒண்டிக்கொள்வேன். அக்கா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு காகிதக் கட்டைக் கூரை எறவாணத்துச் செருகலிலிருந்து எடுப்பாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துத் தைத்த கட்டு. மேலே ஒரு படம். கொண்டை போட்டு, கையில் விளக்கு வைத்துக்கொண்டு, ஒரு குளத்துப் படியில் நிற்கிற பெண். சோழ ராஜா காலத்துப் பெண்.

அக்கா அதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு படித்தால் நேரம் போவதே தெரியாது. அந்தக் காலத்தில் நம் ஊரிலேயே இருந்த ஒரு பெண்ணின் கதை அது. அவளுடைய அப்பா ஏரி வாரியத்தில் இருக்கிறவர், ஏரியைக் காவல் காப்பது அவர் வேலை. அவள் இன்னும் பெரியவளாகவில்லை. பெரியவளானால், ஊர்ச்சபை கூடி, அவளைக் கட்டுவதற்கு யார் யார் தகுதியோ அவர்கள் பெயரையெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எந்தப் பெயர் வருகிறதோ அவனுக்குத்தான் அவள். மாற்றிப் பேச முடியாது.

"நம்ம ஊர் கோயில்ல கல்லுல வெட்டி வெச்சிகீறாங்களே, அது இந்தக் கதைதானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதேதான்," என்றாள் அக்கா.

கோயில் மண்டபத்துச் சுவர் முழுக்க எழுத்து வெட்டியிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நமக்குப் புரியாத பழைய எழுத்து. ஓலை, குடம், பெயர் என்று பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள். எதற்கு என்று நான் காதில் வாங்கவில்லை. இப்போது எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் பெண்ணுக்கு ஓலை வருவது கல்லிலேயே எழுதி வைத்தது. தப்ப முடியாது.

கதையில் அந்தப் பெண் ஒரு நாள் பெரியவளாகிவிட்டாள். அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தாள். அக்கா அந்த இடத்தில் காகிதத்தை மூடிவிட்டாள்.

"அய்யோ, அப்றம்?" என்றார்கள் எல்லாரும்.

"தறிக்கு நேரமாச்சி," என்றாள்.

அடுத்த வாரம் எனக்கு அது வந்தது. நாற்று வயலில் இறங்கியிருந்தேன். அட்டை கடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காலெல்லாம் தேடிப் பார்த்தேன், அட்டை இல்லை. புரிந்ததும் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். கரையில் அம்மா கூப்பிட்டாள்.

"இன்னாடி தண்ணில குந்திக்கினு கீற?"

"வழுக்கி வுயிந்துட்டேம்மா."

அதுதான் முதல் பொய். அதற்குப் பிறகு பொய் தானாக வந்தது. அம்மாவின் பழைய சேலையில் கிழித்த துணியை வைக்கோல் போருக்கு உள்ளே காயவைத்தேன். மாடு அந்தப் பக்கம் வாய் வைக்கும்போதெல்லாம் ஓடிப்போய் விரட்டுவேன். அந்த நாட்களில் பெண் கையில் இரும்போ வேப்பிலையோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காத்துக் கருப்பு அண்டும் என்பார்கள். நான் ஒரு துருப்பிடித்த ஆணியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன். அது இடுப்பில் குத்திக்கொண்டே இருக்கும். ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது, தொட்டேன். விளக்கு ஏற்றக் கூடாது, அம்மா சொன்னாள், ஏற்றினேன். ஏற்றிவிட்டுத் திரி அணைகிறதா என்று பார்த்தபடி நிற்பேன். அணையவில்லை. அது அணைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அணையாததால், சாமி இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பெரிதாக எதையோ செய்யப்போகிறது என்று பயந்தேன்.

இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். மாமன் வந்து போனார். நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போது கை நடுங்கும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். தெருப் பெண்கள் அம்மாவைக் கேட்பார்கள், "உம் பொண்ணு இன்னும் பெரிய மனுஷி ஆவலயா? எம் பொண்ணுக்கு அப்றம் பொறந்தவளுங்கல்லாம் ஆயிட்டாளுங்களே." அம்மா என்னை மேலும் கீழும் பார்ப்பாள். நான் தோளைக் குறுக்கிக்கொள்வேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் கொட்டியது. பள்ளிக்கூடம் லீவு. தறியும் ஓடவில்லை, ஈரக் காற்றில் பட்டு நூல் இழுக்க வராது. அதனால் அக்கா வீட்டில் நாள் முழுக்கக் கதைதான். கதையிலும் மழை வந்தது. அந்தப் பெண் மறைத்து வைத்ததால் ஏரி நிரம்பிக்கொண்டே போகிறது. வாரியத்துக்காரர்கள் கரையில் நிற்கிறார்கள். ஒரு பெரியவர் சொல்கிறார், இந்த ஊரில் ஒரு பெண் தீட்டை மறைத்துக்கொண்டு விளக்கு ஏற்றுகிறாள், அவள் வாயைத் திறக்காவிட்டால் ஏரி உடையும் என்று.

அக்கா அதைப் படித்தபோது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் கூரை ஒழுகுகிற இடத்தைத்தான் பார்த்தாள் என்று பின்னால் தெரிந்தது.

வெளியே தமுக்கு அடித்துக்கொண்டு போனார்கள். "ஏரி ரொம்பிக்கினு கீது! வூட்டுக்கு ஒர்த்தர் மம்முட்டியோட கரைக்கு வாங்க!"

நான் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. சொன்னால் மாமன். சொல்லாவிட்டால் ஏரி. ஏரி உடைந்தால் முதலில் போவது எங்கள் தெரு. அம்மா அடுப்படியில் குனிந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்தேன். தண்ணீர் வந்தால் இந்த முதுகு தாங்குமா என்று நினைத்தேன். "அம்மா" என்று கூப்பிட்டேன். "இன்னா?" என்றாள் திரும்பாமல். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. தெருவே வாசலில் நின்று ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது தெருமுனையில் மாமன் வண்டி திரும்பியது. வண்டி நிறையப் பச்சைத் தென்னை ஓலை. அவர் வீட்டு ஆறு மரத்தையும் கழித்துக்கொண்டு வந்த மாதிரி அவ்வளவு ஓலை. மட்டைகள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நுனிகள் சேற்றில் இழுபட்டு வந்தன.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, வைக்கோல் போரில் பார்த்துவிட்டாள், ஆள் அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன். என் காலுக்கு என்ன வந்ததோ தெரியாது. நடுத்தெருவுக்கு ஓடி மாட்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். மாமன் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"எனக்கு ஓலை வேணாம் மாமா! நாலு மாசமா மறச்சி வெச்சிக்கினு கீறேன். ஏரி என்னாலதான் ஒடையப் போவுது, தெரியும். ஆனா ஓலை வேணாம். நா வர மாட்டேன்."

மாடு மூச்சு விட்டது கேட்டது. மாமன் தலையில் போட்டிருந்த சாக்கை மெதுவாக எடுத்தார்.

"இது ஏரிக் கரைக்கு," என்றார். "மேற்கால கர அரிச்சிக்கினு போவுது. மண்ணு மூட்டைக்கு முன்னால போட்டு அடைக்க எடுத்துக்கினு போறேன்."

எதிர்வீட்டுக் கிழவி ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "ஏரி ஒடஞ்சிதோ இல்லியோ, இவ ஒடச்சிட்டா."

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள், அடுத்த நிமிடம் கட்டிக்கொண்டாள், தொட்டுவிட்டோமே என்று உடனே கையை எடுத்தாள், "நாலு மாசமா, நாலு மாசமா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமன் வண்டியின் பின்பக்கம் போய்ப் பத்துப் பன்னிரண்டு மட்டையை இழுத்து எங்கள் வாசலில் போட்டார். மீதியோடு ஏரிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்து, முகம் கழுவாமல்கூட, குடிசை கட்டினார். ஏரி உடையவில்லை. கரை நின்றுவிட்டது. அவர் கொண்டுபோன ஓலையும் அதற்குள் புதைந்து கிடக்கிறது.

குடிசைக்குள் உட்கார்ந்த பிறகு பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, இடம் மாறியது. வெளியே பெண்கள் முகூர்த்தம் பேசினார்கள். தை மாதமா, மாசியா என்று. பள்ளிக்கூடம் இனி வேண்டாம் என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. யாரும் மறுத்துச் சொல்லவில்லை. ஓலை இடுக்கு வழியாகத் தெரிகிற நாலு விரல் அகலத்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதையில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும் போல இருந்தது. அவள் தப்பித்திருந்தால் நானும் தப்பிப்பேன். எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

அக்காவிடம் ஆள்விட்டுக் கேட்டேன். அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் மாமியார் உளுந்தங்களி கொண்டுவந்து வைத்தாள், கூடவே அந்தக் காகிதக் கட்டையும் ஓலைக்கு அடியில் தள்ளினாள்.

"பொயுது போவாம குந்திக்கினு இருப்ப. நீ இஸ்கூலுக்குப் போற பொண்ணுதானே. பட்ச்சிக்கோ. எம் மருமவ குளிக்கப் போயிருக்கா, நாந்தான் எடுத்தாந்தேன்."

களியைக்கூடத் தொடாமல் பிரித்தேன். மேலே அந்தப் பெண் விளக்கோடு நின்றாள். உள்ளே முதல் பக்கம். எழுத்துக் கூட்டினேன். மோர்க்குழம்பு வைப்பது எப்படி. அடுத்த பக்கம் தலைமுடித் தைலம். அடுத்தது குறுக்கெழுத்துக் கட்டங்கள். பிறகு ஒரு துணுக்கு, ஒரு பாதி ஜோசியம், துலா ராசிக்கு அலைச்சல் என்று. எல்லாப் பக்கத்தையும் திருப்பினேன். சோழ ராஜா இல்லை. ஏரி இல்லை. ஓலை இல்லை. படத்துக்கான கதை ஒரு வரிகூட அந்தக் கட்டில் இல்லை.

குளித்த ஈரத் தலையோடு அக்கா ஓடி வந்தாள். குடிசைக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஓலை இடுக்கில் அவள் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"பட்ச்சிட்டியாடி?"

"மோர்க்குயம்பு வெக்கிறது எப்டின்னு போட்டுகீது," என்றேன்.

அவள் அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். "எனக்குப் பட்க்கத் தெரியாதுடி. மூணாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க. எங்க நைனா பொய் சொல்லி கட்டிக் குட்த்துட்டாரு. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்ன அனுப்பிடுவாங்க. ஒன் கால்ல வுயறேன்."

"அப்போ அந்தப் பொண்ணு?"

"வாயில வந்தது."

"குடத்துல ஓலை போட்டது?"

"ஊர்ல சொல்றாங்களேன்னு நானும் சொன்னேன்."

"ஏரி?"

"மய பேஞ்சிக்கினு இருந்துச்சி. ஏரின்னு சொன்னேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ராத்திரி முழுக்க நான் தூங்காமல் கிடந்த ஏரி, இவள் கூரை ஒழுகுவதைப் பார்த்துச் சொன்ன ஏரி. நான் நடுத்தெருவில் வாயைத் திறந்தது இவளால். அந்த மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு கண்ணைப் பார்த்தேன். கன்றுக்குட்டி கண்ணை உருட்டியது ஞாபகம் வந்தது. "போ, அத்த வராங்க" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மழை மறுபடியும் பிடித்தது. குடிசை ஒழுகியது. மாமன் புது ஓலையோடு வந்து மேலே ஏறிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமியார் குடையோடு வந்தாள், பின்னால் இரண்டு பெண்கள், அவர்களுக்கும் பின்னால் அக்கா.

"எம் மருமவளுக்குத் தொண்ட கட்டிக்கிச்சாம், நாலு நாளா படிக்க மாட்டேன்றா," என்றாள் மாமியார். "கட்டு ஒங்கிட்டதான கீது. நீ படிடி, கேக்கலாம். அந்தப் பொண்ணுக்கு எவன் பேரு வந்துச்சி?"

கட்டைக் கையில் எடுத்தேன். அக்காவின் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்திருந்தது. மோர்க்குழம்பு பக்கத்தைப் பிரித்தேன். பிறகு படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவது போல, விரலை வைத்துக்கொண்டு படித்தேன்.

ஊர்ச்சபை கூடியது என்று படித்தேன். குடத்தை நடுவில் வைத்தார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு பெரியவர் குடத்துக்குள் கையை விட்டு ஓர் ஓலையை எடுத்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பெயர் இல்லை.

"பேரு இல்லியா?" என்றாள் மாமியார். "இன்னாடி சொல்ற, சரியா பாரு."

"வெத்து ஓலை," என்றேன். "அப்டித்தான் போட்டுகீது."

தலைக்கு மேலே ஓலை சலசலப்பது நின்றுபோயிருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

"அப்றம்?"

"அப்றம் அந்தப் பொண்ணு எய்ந்து வூட்டுக்குப் போயிட்டா. அவங்கப்பா ஏரிக்குப் போயிட்டாரு. ஏரி ஒடையல. அவ்ளோதான், முடிஞ்சிபோச்சி."

"இது இன்னா முடிவு?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு மாமியார் போனாள். "கல்யாணம் இல்லாத கதைய எவன் எயுதினான்?" அக்கா கடைசியாகப் போனாள். போகும்போது ஓலையை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு மேலே இருந்து குரல் வந்தது. மாமன் என்னிடம் தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நா ஒன்ன இன்னா பண்ணேன்?"

பதில் சொல்லாவிட்டால் போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. மழை ஓலை மேல் விழுந்துகொண்டே இருந்தது.

"கன்னுக்குட்டிக்கி மூக்கு குத்துனீங்க," என்றேன்.

தனக்குத் தானே கேட்டுக்கொள்கிற மாதிரி, "குத்தாம எப்டி ஏர் ஓட்றது?" என்றார். ஓலையைக் கட்டி முடித்து இறங்கிப் போனார். அன்றிலிருந்து ஒழுகவில்லை.

ஒன்பதாம் நாள் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். மாமன் சீர்த்தட்டுடன் வந்தார். பெண்கள் கேலி பேசினார்கள், மாப்பிள்ளைக்கு மீசை முறுக்கு கூடிவிட்டது என்று. அம்மா தை மாதத்தில் ஒரு நாளைச் சொன்னாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேற எடம் பாருக்கா," என்றார்.

"இன்னாடா சொல்ற? இவளுக்காகத்தான இத்தினி வருசம் குந்திக்கினு இருந்த?"

"என்னப் பாத்து நடுங்குற பொண்ணாண்ட ஒக்காந்து நா எப்டிக்கா சோறு துன்றது?"

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஈரப் புடவையோடு நின்றிருந்தேன். நான்கு மாதமாக எதற்குப் பயந்தேனோ அது இல்லாமல் போன அந்த நிமிடத்தில், சந்தோஷம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். குடிசையைப் பிரித்து, ஓலையை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போகவில்லை. அது நடக்கவில்லை. அம்மாவுக்கு நான் நடுத்தெருவில் கத்தினது பெரிய அவமானம். ஐந்து வருஷம் கழித்து வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை செய்த ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தாள். கட்டுவதற்கு முன்னால் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அந்தக் காலத்தில், எங்கள் தெருவில், அப்படிக் கேட்டவள் நான் ஒருத்தி. பார்த்தேன். நடுக்கம் வரவில்லை. சரி என்றேன்.

மாமனும் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். பல வருஷம் என்னோடு பேச்சில்லை. கல்யாண வீடு, சாவு வீடு என்று எங்கே பார்த்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார். அவர் மனைவி ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிய பிறகு, ஒரு நாள் காலையில் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"ஒன் பசங்களோட இதும் இஸ்கூலுக்குப் போவட்டும்," என்றார். "எங்கிட்ட இருந்தா அடுப்பாண்டதான் குந்திக்கினு இருக்கும்."

அதுதான் என் ஐந்தாவது. அவள் பெரியவளானபோது பள்ளிக்கூடத்திலிருந்து நேராக என்னிடம் வந்து, சாதம் கேட்கிற மாதிரி, சொன்னாள். ஒன்பது நாள் லீவு போட்டாள், பத்தாம் நாள் போனாள். இப்போது டீச்சராக இருக்கிறாள்.

கோயில் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள்தான் பாடப் புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொன்னாள். ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கிற சட்டமாம். முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். அவர்கள் பெயரைத்தான் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். "பொண்ணுங்களப் பத்தி?" என்று கேட்டேன். "சபைக்கி அவங்கள எடுக்கவே இல்லம்மா, பேரே இல்ல," என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் காரணம் புரியவில்லை. பேரே இல்லாத கல்லைப் பார்த்துத்தானே அப்படி நடுங்கினேன்.

அக்காவின் விஷயத்தை அவள் மாமியார் சாகிற வரைக்கும் நான் சொல்லவில்லை. அக்கா இருக்கிற வரைக்கும் சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை, அதனால் எழுதுகிறேன். அந்தக் குடிசை நாட்களுக்குப் பிறகும் அக்கா நிறையக் கதை படித்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் திருப்ப மறந்த பக்கத்தை நான் திருப்பிவிடுவேன். எனக்குத் தெரிந்த எழுத்தையெல்லாம் அவளுக்கும் காட்டிப் பார்த்தேன். தன் பெயரைப் போடக் கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் வேண்டாம் என்றுவிட்டாள். எழுத்து தெரிந்தால் கதை வராது என்றாள்.

முழுதாக முப்பத்தொரு நாள் எழுதியிருக்கிறேன். எங்கேயாவது எழுத்து தவறியிருக்கும். பேத்தி வாசலில்தான் இருக்கிறாள், போனைப் பார்த்துக்கொண்டு. ஏழாம் வகுப்பு முழுதாக முடித்துவிட்டாள்.

"ஏ பாப்பா, அத வெச்சிட்டு இங்க வா. இந்த நோட்ட எட்துக்கினு எதுர்ல குந்து. மொதல்ல இருந்து படி, எனக்கு அவசரம் இல்ல. எயுதினத மட்டும் படி. நீயா ஒண்ணியும் சேக்காத."